ஜன்னலோர நாற்காலிக்கு இரண்டு பேர்

1

ஒரு போன் செய்யாமல் தப்பிக்கத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அசிங்கம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செயற்கைப் பல் செய்யும் சின்ன லேப் என்னுடையது. கதை எழுதுவது கூடுதல் வியாதி. போன வாரம் ஒரு பெண் வேலை கேட்டு வந்தார். எங்கள் லேப்பில் சான்றிதழ் பார்ப்பதில்லை. ஒரு பல் செய்யச் சொல்வோம். அவர் செய்த முன்பல்லில், பக்கத்துப் பல்லில் இருந்த மங்கலான கோடுகூட இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஒண்ணாந்தேதி வந்துடுங்கம்மா. இந்த ஜன்னலோர நாற்காலி உங்களுக்குத்தான்."

"பழைய இடத்துல சொல்லிடட்டுமா சார்?"

"தாராளமா சொல்லுங்க."

2

மூன்றாம் நாள் வேலை கேட்டு ஒரு அனுபவசாலி வந்தார். இருபது வருட வேலை. அவர் எந்த லேப்புக்குப் போனாலும் மூன்று ஆஸ்பத்திரிகள் பல் செய்யும் ஆர்டரை அங்கேயே அனுப்பும். இருப்பதோ ஒரு நாற்காலி. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

முதல் வரைவு: "அந்தப் பெண் அரை மணி நேரம் தாமதமாக வந்தாள். அவள் கைகளில் ஒரு…"

[நிறுத்திவிட்டேன். பொய். பத்து நிமிடம் முன்பே வந்து வாசலில் நின்றவர் அவர். 'அவர்', 'அவள்' ஆனதையும் கவனியுங்கள். ஒருவரைக் கைவிடும் முன் மரியாதையைக் கைவிட்டால் வேலை சுலபம்.]

இரண்டாம் வரைவு: "வாயால் சொன்னது வெறும் காற்றுதானே என்று முதலாளி…"

தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி படித்துவிட்டாள்.

"அந்தக் காத்தை நம்பித்தான் அந்தப் பொண்ணு வேலையை விட்டிருக்கு. கதையில உங்களை எவ்ளோ நல்லவனா வேணா எழுதிக்கோங்க. முதல்ல போனை எடுங்க."

3

எடுக்காமல் முடிவுகளை யோசித்தேன்.

முடிவு ஒன்று: "ரெண்டு மாசம் பொறுங்கம்மா" என்பது. சொல்வதற்குச் சுலபம். அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

முடிவு இரண்டு: இன்னொரு நாற்காலி. போட்டால் கதவு திறக்காது.

மூன்றாவது முடிவை யோசிக்கத் தெம்பில்லாமல், முதல் முடிவோடு அவருக்குப் போன் போட்டேன்.

"சார், நானே கூப்பிடலாம்னு இருந்தேன். இங்க இன்னிக்குக் கடைசி நாள். எல்லாருமா சேர்ந்து வழியனுப்பி வெச்சாங்க. பல்லுக்கு நிறம் பூசுற என்னோட பிரஷ்ஷையே கொண்டு வரலாமா? கை பழகிடுச்சு."

'ரெண்டு மாசம்' என்று சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டேன்.

"கொண்டு வாங்கம்மா. ஒன்பது மணிக்கு வந்துடுங்க."

போனை வைத்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா இரண்டு வரைவு வீணாக்கினேன்?

4

இங்கேயே முற்றும் போட்டிருக்கலாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய நல்லவனாக நானும் நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்.

அனுபவசாலி கிளம்பியபோது வாசல் வரை போய், "உங்களுக்கு இல்லாத இடமா சார்!" என்று சொல்லியிருந்தேன்.

(மரியாதைக்கு எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். மரியாதைக்கு யாரும் அப்படிக் குலுக்க மாட்டார்கள்.)

வேலையை விடுவதாக நாளைக் காலை தன் முதலாளியிடம் சொல்லப்போவதாக அவர் அப்போதே சொல்லியிருந்தார். இன்றைக்கே நான் உண்மையைச் சொல்லிவிட்டால் அவருடைய வேலையாவது மிஞ்சும். மனைவி எதுவும் சொல்வதற்கு முன் நானே போனை எடுத்தேன். மணி அடித்தது.

"சொல்லுங்க சார்! உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

"சார், தப்பு என்னோடது…"

இதுவரை நான் சொல்லிவிட்டேன். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். நீங்களும் யாரையாவது வாசல் வரை போய், இப்படி ஒரு வார்த்தை சொல்லி வழியனுப்பியிருப்பீர்கள். அவர் இன்னும் காத்திருக்கலாம்.