பெட்டிக்கு ஒன்றுமில்லை

எங்கள் விமான ஹேங்கரில் என்னைவிடப் பழையது ஒன்று உண்டென்றால் அது என் மெகர்தான். கைப்பிடியைச் சுற்றினால் ஐந்நூறு வோல்ட் பாய்ச்சி, ஒயரின் மேலுறை நல்லதா ஓட்டையா என்று முள்ளை அசைத்துச் சொல்லும் கருப்புப் பெட்டி. பேட்டரி வேண்டாம், சார்ஜர் வேண்டாம், நான் போதும் என்று பீற்றிக்கொள்வேன்.

இறக்கை விளக்கின் பிரேக்கர் அவ்வப்போது விழுந்து விளக்கு அணைகிறது என்றார்கள். காலையில் ஒயரை இரு முனையிலும் கழற்றிச் சோதித்து, ‘நன்று’ என்று கையெழுத்தும் போட்டேன். மதியம் பிரேக்கர் மறுபடி விழுந்தது.

“அந்த மியூசியத்தத் தூக்கிப் போடுய்யா!” என்றார் சூப்பர்வைசர். எங்களுக்குள் அவர் பெயர் குக்கர். “அது சரின்னு அளவுக்கருவி ரூம்லேர்ந்து சீட்டு வரணும். இல்லன்னா பழைய இரும்புக்குத்தான்.”

அந்த அறையின் பொறுப்பாளர் என் மனைவி. சிபாரிசுக்கு ஆள் இருக்கிற தெம்பில் போனேன்.

“இங்க நான் உங்க பொண்டாட்டி இல்ல” என்று வரவேற்றாள்.

அளவு தெரிந்த ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக மாட்டிச் சுற்றினாள். முள் எல்லாவற்றிலும் சரியாக நின்றது. “பெட்டிக்கு ஒண்ணுமில்ல. இப்ப நீங்க சுத்துங்க.”

சுற்றினேன். அவள் மாட்டிவைத்த வோல்ட்மீட்டர் இருநூறைத் தாண்டவில்லை.

“கிளட்ச் வழுக்குற வேகத்துல சுத்துனாத்தான் ஐநூறு வரும்னு ஊருக்கே பாடம் எடுப்பீங்களே? தோள்பட்டை எத்தன நாளா வலிக்குது?”

“ஒரு மாசமா... உனக்கெப்படித் தெரியும்?”

“சட்டை போடுறப்ப கோழி மாதிரி ஒத்த றெக்கைய அடிக்கிறீங்களே!”

பெட்டியோடு இருந்த முப்பது வருட சிநேகிதத்தை ஒரு நொடியில் விற்கப் பார்த்தேன். “முள்ளு மக்கர் பண்ணுதுன்னு எழுதிடேன். என் மானமாவது மிஞ்சும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“சரி விடு. நானே சொல்லிடறேன்” என்றேன்.

பெட்டி சரி என்று பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுக் கூடவே வந்தாள்.

“பெட்டி நல்லாருக்கு சார், என் கைதான் ரிப்பேர்” என்றேன் எல்லார் முன்னாலும். காலையில் போட்ட கையெழுத்தை நானே அடித்து, காரணமும் எழுதினேன்.

ஒயர் முனையில் நான் கிளிப்பை மாட்டினேன், அவள் சுற்றினாள். கிளட்ச் வழுக்கியது. முள் தடாலென்று பூஜ்யத்துக்குப் போய்ப் படுத்தது: மேலுறை ஓட்டை. ஒயரை இறக்கையோடு பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றினால், அதனடியில் ஒயர் உரசி, மயிரிழை அகலத்தில் செம்பு மினுங்கியது.

வந்து பார்த்த குக்கர் விசிலடிக்கவில்லை. “யாருய்யா சுத்துனது?” என்றார்.

“என் பொண்டாட்டி சார்!” ஹேங்கரின் அந்தக் கோடி வரை கேட்டிருக்கும்.

“இங்க இல்லன்னு சொன்னேன்ல?” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.