கடைசி ஆளின் முதல் வார்த்தை

...அப்படியென்றால் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்திருக்க வேண்டும், ராணுவக் கோர்ட்டில் மூன்று அதிகாரிகள் நீதிபதிகளாக உட்கார்ந்தால் பதவியில் இளையவரிடம்தான் முதலில் கருத்துக் கேட்பார்களாம், பெரியவர்கள் சொன்னதற்கு அவர் தலையாட்டிவிடக் கூடாதென்று, நேற்று ஆய்க்குடியில் ரிட்டயர்டு சுபேதார் பால்வண்ணநாதன் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை... இசக்கிதுரையை விசாரித்த மூவரில் இளையவர் கேப்டன் ஆதித்தன், என் அண்ணன், இதோ ஐந்தருவி வரிசையில் தோளில் துண்டோடு எனக்கு முன்னால் நிற்கிறான், என்ன சொல்லியிருப்பான்? நாளை எனக்கு மஸ்கட் விமானம், அதற்குள் தெரிந்தாக வேண்டும். இசக்கிதுரைக்கு ஓராண்டு சிறை, சிப்பாய் வேலையும் போயிற்று, வடகரைக்காரன், பத்தாவது வரை என் பெஞ்சு, ஹவில்தாரை அடித்தானாம்... "நான் கையே ஓங்கலலே" என்று போனில் அழுதான். இந்த அதிகாரிகளில் யாராவது வேண்டாமா என்று விசாரணைக்கு முன் கேட்டிருக்கிறார்கள், மடையன், எல்லாரும் சம்மதம் என்றிருக்கிறான், "நம்ம ஊர் அண்ணாச்சி இருக்காருல்லா, நம்மள விட்ருவாரா?" விட்டானா? அண்ணன் மறுத்தும் மற்ற இருவர் சேர்ந்து தண்டித்திருக்கலாம்... ஆனால் இவனைத் தெரியும் என்று அண்ணனாவது எழுந்து சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?

சாரல் முகத்தில் அடித்தது, மங்குஸ்தான் கூடைக்குப் பின்னாலிருந்து வள்ளித்தாய் ஓடிவந்தாள், இசக்கிதுரையின் அம்மா, ஒரு பை நிறையப் பழத்தை அண்ணன் கையில் திணித்தாள், "நீங்க இருக்கப் போயித்தான் தம்பி ஒரு வருசத்தோட விட்டாவ, இல்லன்னா எம்புள்ளய என்ன செஞ்சிருப்பாவளோ." அண்ணன் பையை வாங்கி என்னிடம் நீட்டினான். குற்றமுள்ளவன் வாங்குவானா? இல்லை, அவன்தான் வாங்குவானோ? அவள் போனதும் கேட்டேவிட்டேன், "அண்ணே, அங்கன நீ என்ன சொன்ன?"

"சத்தியம் பண்ணிருக்கம்லே, யாரு என்ன சொன்னாவன்னு சாவுத வரைக்கும் சொல்லக் கூடாது." பிறகு மெல்லத் திரும்பினான், "ஒங்கூடப் படிச்சவன்தானே, நீ சொல்லு, அவன் அடிச்சிருப்பானா, மாட்டானா?"

மாட்டான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்... எட்டாவதில் கபடியில் தோற்றதற்குப் கூடப் படித்த புவனேஷைப் பெல்ட்டால் அடித்தானே, அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது... விசில் ஊதி வரிசையை நகர்த்தினார்கள், நான் நகரவில்லை, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், எந்தப் பதில் அவனுக்கு வேண்டுமென்று அதில் தேடிக்கொண்டு.