ஒரு பை சாமை

"வூட்ல தனியா ஒக்காந்துக்கினு இருக்காதீங்க அண்ணி, எங்கூட வாங்க" என்று அனிட்டா கூப்பிட்டதும் ஷைனி ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். கணவன் சாம் மார்வலி வந்து இறந்துபோனதிலிருந்து அப்படித்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். ஜெபத்துக்கு வா என்றால் போனாள். அழுகை மட்டும் வரவில்லை.

அனிட்டா சாமின் தங்கை. கல்வராயன் மலையில் நர்ஸ் வேலை. கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறி, பள்ளத்தாக்கில் இருந்த அந்த ஊருக்கு வந்ததும் ஷைனியைக் களத்து மேட்டில் விட்டுவிட்டு, பிள்ளை பெற்ற ஒருத்தியைப் பார்க்கப் போனாள்.

களத்தில் குஞ்சம்மாள் என்பவள் சாமைத் தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் தூக்கித் தூக்கிப் போட, உமி ஷைனியின் புடவையில் வந்து படிந்தது. அவள் தட்டிவிடவில்லை.

"வூட்டுக்காரரு இன்னா வேலைங்க?"

"கரும்பு ஆலையில."

"சுகரு, கிகரு?"

"இருக்கு. ஜாஸ்தி."

"அரிசிச் சோறா துன்றாரு?"

"சொன்னா கேக்க மாட்டாரு."

பேச்சு தானாக வந்தது. பொய் சொல்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. குஞ்சம்மாள் எழுந்துபோய், குத்தி வைத்திருந்த சாமை அரிசியை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அவருக்கு ஆக்கிப் போடுங்க. கம்மியாயிடும்."

ஷைனி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்த அனிட்டா, "இன்னாது அண்ணி?" என்று கேட்டாள்.

"அவங்க வூட்டுக்காரருக்கு நான்தான் குடுத்தேன் நர்ஸம்மா" என்றாள் குஞ்சம்மாள்.

அனிட்டாவின் முகம் கோணியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் ஷைனிக்கு விளங்கியது.

"அவரு செத்துட்டாருங்க" என்றாள் மெதுவாக. "கேட்டீங்க, சொல்லிட்டேன். இருக்குற மாதிரியே சொல்லிட்டேன்."

பையை நீட்டினாள். குஞ்சம்மாள் வாங்கவில்லை. ஷைனியின் புடவையிலிருந்த உமியைக் கையால் தட்டிவிட்டாள்.

"காலைல இன்னா சாப்ட்ட?" என்று கேட்டாள்.

ஷைனி யோசித்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை. குஞ்சம்மாள் உள்ளேபோய்க் களியும் கீரையும் கொண்டுவந்தாள். ஷைனி சாப்பிட்டாள். உப்பு இருந்ததா, காரம் இருந்ததா, எதுவும் தெரியவில்லை. தட்டு காலியானது.

கிளம்பும்போது அனிட்டா சாவியைச் செருகாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பின்னாடி ஒக்காரு. நான் ஓட்டுறேன்" என்றாள் ஷைனி.

பை காலடியில் இருந்தது. முதுகில் அனிட்டாவின் கண்ணீர் ஈரமாகப் பட, ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, ஷைனி நிதானமாக மலையிலிருந்து வண்டியை இறக்கினாள்.