பெண்கள் பக்க வீடியோ

டப்!

மேசைக்குக் கீழே வெடித்த சத்தத்தில் றிஸ்னா கதிரையோடு பின்னால் நகர்ந்தாள். மின்விசிறி நின்றது. கம்பி கருகிய வாடை அறை முழுவதும் பரவியது.

முஆஸ் முற்றத்திலிருந்து ஓடிவந்தான். வந்தவன் உள்ளே நுழையாமல் கதவைத் தட்டினான்.

"கரண்ட் கட்டா? மூணு மணிக்குத்தானே போகணும்?"

"ட்ரிப் சுவிட்ச் விழுந்திட்டு. நீங்க பூட்டின கிராபிக்ஸ் கார்ட் செஞ்ச வேல. உள்ள வாங்க, ஸ்கிரீன் செத்துத்தான் கிடக்கு."

கணவனே கதவைத் தட்டுவது அந்த வீட்டு வழக்கம். நுரைச்சோலையைச் சுற்றியுள்ள கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தைப் பெண்களே வீடியோ எடுப்பார்கள். அதை வெட்டி ஒட்டித் தருவது றிஸ்னா. எந்த ஆணின் கண்ணிலும் ஒரு காட்சிகூடப் படாது என்ற அவளுடைய வாக்கை நம்பித்தான் அத்தனை குடும்பங்களும் அவளிடம் வந்தன. அந்த வாக்குப் போனால் தொழிலும் போய்விடும்.

இப்போது கையிலிருந்தது ஸுல்பிகாவின் மகள் கல்யாணம். நாளை மாப்பிள்ளை வீட்டில் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. நாளை மறுநாள் பெண் கணவனோடு கட்டாருக்குப் பறக்கிறாள். வேலை முடிந்துவிட்டது. துண்டுகளை ஒரே வீடியோவாகச் சேர்க்கும் ரென்டர் மட்டும்தான் பாக்கி. பழைய கார்டில் அதற்கு ஐந்தரை மணி நேரம் வேண்டும். அந்த இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டிலோ, கரண்ட் மூன்று மணி நேரம் தொடர்ந்து நின்றாலே பெரிய காரியம். இரண்டு தடவை பாதியில் அறுந்துபோனது. அதற்காகத்தான் கொழும்பிலிருந்து பாவித்த கார்ட் ஒன்றை வரவழைத்து, நேற்றுப் பின்னேரம் முஆஸ் தன் கையாலேயே பூட்டினான்.

"பஸ்தியானைக் கூப்பிடவா?" என்றான் முஆஸ்.

"கூப்பிடுங்க. முதல்ல ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி என்ட கையில தாங்க."

அவள் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பஸ்தியான் புத்தளம் நகரத்தில் கம்ப்யூட்டர் திருத்துபவன். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தாய் தகப்பனோடு வந்து அங்கேயே தங்கிவிட்டவன். நாட்டில் பெற்றோல் இல்லாததால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, புதிய பவர் சப்ளையை உரப்பையில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"பவர் ஸ்டேசன் புகைக்குழாய் உங்கட யன்னலுக்குள்ளால தெரியுது. உங்களுக்கும் கரண்ட் இல்லை" என்று சிரித்தபடி கேசிங்கைத் திறந்தான். கடற்காற்றில் ஆணிகள் துருப்பிடித்து, இரண்டு தலை உடைந்துதான் கழன்றன. உள்ளே பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினான்.

"இந்த ரெண்டு வயரையும் ஒண்டாக்கிக் கார்டுக்குக் குடுத்தது ஆர்?"

"யூடியூப்ல அப்புடித்தான் காட்டினான் மச்சான்" என்றான் முஆஸ்.

"யூடியூப்காரனுக்கு உங்கட வீட்டுப் பவர் சப்ளையைத் தெரியுமே? பத்து வருசப் பழசு. இந்தக் கார்ட் இழுக்கிற கரண்டுக்கு இது காணாது. வெடிச்சது இதுதான். கார்ட் தப்பியிருந்தா உங்கட அதிர்ஷ்டம்."

கார்டைக் கழற்றி, அதன் செப்புப் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்தான். புதிய பவர் சப்ளையைப் பூட்டி, தன் பையிலிருந்த வேறொரு டிஸ்க்கை மாட்டி, விழுந்த ட்ரிப் சுவிட்சையும் தூக்கிவிட்டு மெசினைப் போட்டான். கார்டின் விசிறி இரண்டு தரம் தயங்கிவிட்டுச் சுழன்றது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் றிஸ்னா.

"அவசரப்படாதேங்கோ தங்கச்சி. சும்மா ஓடினாக் காணாது. உங்கட வேலையைக் குடுத்துப் பாக்கோணும். பாரம் ஏறினாப் பிறகுதான் நிக்குமோ விழுமோ எண்டு தெரியும்."

அவள் முஆஸைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அது பொம்புளைகள்ட வீடியோ."

"தெரியும். நான் மேசைக்குப் பின்னால தரையில இருக்கிறன். ஸ்கிரீன் உங்கட பக்கம், மெசின் என்ர பக்கம். சூடு எவ்வளவெண்டு கையால பாப்பன். சத்தத்தை மட்டும் நல்லாக் கூட்டி விடுங்கோ. படம் திக்கினாச் சத்தமும் திக்கும், எனக்கு அது போதும்."

முஆஸ் வெளியே போய் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தான். றிஸ்னா டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை தூங்குவதற்காகச் சத்தத்தை எப்போதும் குறைத்தே வைத்து வேலை செய்கிறவள், இன்று முழுதாகக் கூட்டினாள். காட்சிகள் அதிகம் கலந்த, மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த வலீமா விருந்துப் பகுதியை ஓடவிட்டாள். பாட்டும் பெண்களின் கதையும் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டுகளின் சத்தமும் அறையை நிறைத்தன. அவளுடைய கண் படத்தை விட்டு நகரவில்லை. படம் எங்கும் திக்கவில்லை.

மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை விழுங்கியது மாதிரியும் இருந்தது.

"என்ன பஸ்தியான் நானா, கோளாறா?"

"இல்லை, இல்லை. நல்லா ஓடுது. இனி ரென்டரைப் போடுங்கோ."

இரண்டு மணி ஐந்துக்குப் போட்டாள். பத்து வீதம். முப்பது. அறுபது. அவள் எண்ணைச் சொல்ல, அவன் விசிறியருகே கையை வைத்துக்கொண்டு "ஓம், ஓம்" என்றான். நூறு வந்தபோது இரண்டு நாற்பத்துமூன்று. கரண்ட் போக இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது. றிஸ்னா வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றி முடித்து, ஸ்கிரீனை அணைத்தாள்.

அப்போதுதான் ஸுல்பிகா வந்தாள். வாசலில் முஆஸ், உள்ளே தரையில் ஒரு அந்நிய ஆண், திறந்து கிடக்கும் மெசின்.

"என்ன றிஸ்னா இது? என்ட புள்ளட வீடியோ ஓடின ரூமுல ஆம்புளயா? நாளைக்குச் சம்மந்தி ஊட்டுல அத்தன பொம்புளைகளும் குந்திப் பாக்கப்போற வீடியோ. முதல்ல பாத்தது இவரா?"

றிஸ்னா எழுந்து அணைந்த ஸ்கிரீனைக் காட்டினாள். "இல்ல ராத்தா, ஸ்கிரீன் இந்தப் பக்கம்..."

பஸ்தியான் உரப்பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். தலையைக் குனிந்தபடியே சொன்னான்:

"கண்ணால ஒண்டும் பாக்கேல்லை ராத்தா. ஆனா, 'ஆறு பேருக்கு ஒரு கோழிக்கால், இதுக்குப் பேர் வலீமாவா' எண்டு இதே குரலில சம்மந்தி வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுறியள் பாருங்கோ, அதை வெட்டிப்போட்டுக் கொண்டுபோங்கோ."