முகாமுக்குப் போன இருவர்

சண்டை மூண்ட பிறகு மிஷன் விடுதியில் மிஞ்சியவர்கள், அழைத்துப்போக யாரும் வராத பெண்கள்தான். குருவி அவர்களில் ஒருத்தி. பதிமூன்று வயது, பார்த்தால் ஒன்பதுதான் மதிப்பார்கள். அவளுடைய உயிர்த்தோழிக்குப் பட்டப்பெயர் ஒட்டகம். குருவியைவிட ஒரு வயது இளையவள், ஆனால் விடுதித் தலைவியான மதரையே குனிந்துதான் பார்ப்பாள்.

அந்த வாரம் குருவி வயதுக்கு வந்தாள். வார்டன் அக்கா பழைய திரைச்சீலையைக் கிழித்துக் கொடுத்தாள்.

"பஞ்செல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. இதையே துவைச்சு வச்சுக்கோ. யார்கிட்டயும் மூச்சு விடாதே, காலம் கெட்டுக் கிடக்கு."

குருவி ஒட்டகத்திடம் மட்டும் சொன்னாள்.

"அப்ப நீ பெரிய மனுஷியா? எங்கே, அந்த ஜன்னல் கொக்கியைப் போடு பார்ப்போம்!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை ஜெபம் முடியுமுன் ராணுவ லாரி வந்தது. முகாமில் காயம்பட்டவர்கள் குவிந்துவிட்டார்களாம், துணி வெளுக்க ஆள் வேண்டுமாம்.

"வயசுக்கு வந்த பொண்ணுங்க மட்டும் போதும்" என்றார் அதிகாரி.

"இங்க எல்லாமே குழந்தைங்கதான் சார்" என்றார் மதர்.

அதிகாரியின் பிரம்பு ஒட்டகத்தைக் காட்டியது. "இது குழந்தைன்னா நான் தொட்டில்ல கிடக்கிறவன்!"

சிப்பாய்கள் சிரித்தார்கள். குறுக்கே வந்த மதரைத் தள்ளினார்கள். அவருடைய மூக்குக்கண்ணாடி விழுந்து உடைந்தது. ஒட்டகம் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டாள்.

குருவி வரிசையை விட்டு வந்தாள். "அவளை விடுங்க. அவ இன்னும் வயசுக்கு வரலை. நான்தான் வந்திருக்கேன்."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? நீயும் ஏறு."

முகாமில் வேலை துணி வெளுப்பதுதான், அதில் பொய்யில்லை. சீழில் விறைத்த கட்டுத்துணிகளைக் கொதிக்கும் அண்டாவில் போட்டுக் கிண்ட வேண்டும். துணியெல்லாம் பேன். மழைக்காலம் பிறந்தபோது ஒட்டகத்துக்குக் காய்ச்சல் கண்டது. குருவி டாக்டரின் காலில் விழுந்தாள்.

"சிப்பாய்க்கே மருந்து இல்லம்மா" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்கு உன்னை யாருடி வாயைத் திறக்கச் சொன்னது?" என்று முனகினாள் ஒட்டகம். "பேசாம நின்னிருந்தா இந்நேரம் விடுதியில இருந்திருப்பே."

"நீ தனியா அழுவியே."

"அழுவேன்தான்" என்றாள் ஒட்டகம். அதன்பின் அவள் பேசியது எதுவும் புரியவில்லை. விடிந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

வேலைக்காரர்கள் செத்தால் கோணிதான். குருவி, தான் வெளுத்த படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துத் தோழியைச் சுற்றினாள். கால்கள் வெளியே நீண்டன. இன்னொன்றை எடுத்தாள்.

"ஏய், அது சிப்பாய்ங்களுக்கு!" என்றான் காவலாளி.

"அடிக்கணும்னா அப்புறம் அடிங்க. இப்ப ஒரு கை பிடிங்க."

அவன் துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டுத் தலைப்பக்கம் பிடித்தான்.

படை பின்வாங்கியதும் முகாமில் காவல் இல்லாமல் போனது. குருவி நடந்தே விடுதிக்கு வந்தாள். ஒட்டகம் செத்ததைக் கேட்டு, வாசலிலேயே மதர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவ அம்மா வந்திருக்காங்க. மகளைக் கூட்டிட்டுப் போக. நீ உள்ள போய்ப் படு, நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

"வேண்டாம் மதர். கூட இருந்தது நான்."

குருவி முகம் கழுவி, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பார்வையாளர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.