மகேந்திரராசா பஸ்ஸில் போகிறார்

ரதீசனின் புதுக் காருக்கு வாகனப் பூசை. நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய். கற்பூரம் காட்டி முடிந்ததும் குருக்கள், "மூத்தவர் ஏறி ஒருக்கா முன்னுக்கு எடுங்கோ" என்றார். மூத்தவர் என்றால் ரதீசனின் அப்பா மகேந்திரராசா. மொன்றியல் பனியிலும் ஐஸிலும் முப்பத்தொரு வருடம் கார் ஓடியவர். செருப்பைக் கழற்றி, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பதவியேற்கப் போகும் மந்திரி மாதிரி ஏறி உட்கார்ந்தார். சனம் கைகூப்பி நின்றது.

கார் பின்னுக்குப் போனது.

பின்னுக்குப் போகிறது என்று தெரிந்த உடனே பிறேக்கை அமத்தினார். அமத்தியது பிறேக் இல்லை. அது அவருக்குத் தெரியவில்லை. கால்தான் வந்து சொல்லியிருக்க வேண்டும், அது சொல்லவில்லை. பின்னால் நின்றது குருக்களின் கார். போன வருடம் அதே இடத்தில், அதே குருக்கள், தன் கையாலேயே பூசை செய்து வைத்த கார். ஒரு பக்கக் கதவு முழுதாக உள்ளே போய்விட்டது. நாலு தேசிக்காயும் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தன.

"கண்ணூறு கழிஞ்சுது எண்டு நினையுங்கோ" என்றார் குருக்கள். வாய் அப்படிச் சொன்னது, கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருவருக்கும் காயமில்லை. அதனால் டொலார்ட்-டெஸ்-ஓர்மோக் கோயிலடியில் எல்லோருக்கும் சிரிக்க வசதியாக இருந்தது. மகேந்திரராசாவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் ரதீசன் அவருடைய பழைய கொரோலாவின் திறப்பையும் வாங்கிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டான்.

"பேந்து தாறன் அப்பா."

"எப்ப?"

"பாப்பம்."

அது புரட்டாதியில். இப்போது மாசி. கொரோலா அஹுன்ட்சிக்கில் அவர்கள் வீட்டின் முன்னால் பனிக்குள் ஒரு வெள்ளைப் புற்றாக நிற்கிறது.

விஷயம் இதுதான். பதினைந்து வருடச் சீனி வியாதி உள்ளங்காலின் உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது. டொக்டர் அதை லைசன்ஸ் கந்தோருக்கு எழுதிப்போட்டார். கால் விறைப்பது மகேந்திரராசாவுக்குப் புதுச் செய்தி இல்லை. இரண்டு வருடமாகவே தெரியும். ஆனால் இந்த நாட்டில் தை மாசியில் கால் விறைக்காத மனிசன் யார்? அவர் பழியைக் குளிரின் தலையில் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார். ஆடி மாதமும் விறைத்தபோது ஏசி என்றார்.

லைசன்ஸ் போனால் போகட்டும் என்று விடமுடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. மனைவி புஷ்பராணி சென்-லோரனில் ஒரு கார்டெறியில், அதாவது பகல்நேரப் பிள்ளைகள் காப்பகத்தில், சமையல் வேலை. காலையில் கொண்டுபோய் விடுவதும் பின்னேரம் ஏற்றி வருவதும் பத்தொன்பது வருடமாக அவர் பொறுப்பு. தையல் பக்டரியில் பென்சன் எடுத்த பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே உத்தியோகம் அது. அந்த உத்தியோகம் திரும்பக் கிடைக்குமா இல்லையா, அவ்வளவுதான் அவருக்குத் தெரியவேண்டும்.

இப்போது புஷ்பராணி 121 பஸ்ஸில் போகிறார். மகேந்திரராசாவும் கூடவே ஏறி, கார்டெறி வாசல் வரை போய் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிறார். பின்னேரம் மறுபடி போகிறார். கார் இல்லாத டிரைவர்.

முதல் நாள் வரிசை இருப்பதைக் கவனிக்காமல் நேரே முன்னால் போய் நின்றார். இந்த ஊரில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கோயில் கஞ்சிக்கு நிற்பவர்களைவிட ஒழுங்கு. இருபது சோடிக் கண்கள் முதுகில் குத்தின. கடைசிக்குப் போய்ச் சேர்ந்து, ஒருவழியாக ஏறி, பஸ் கார்டுக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக் கார்டை எடுத்து மெசினில் ஒற்றினார். மெசின் சிவப்பாகக் கத்தியது. மறுபடி ஒற்றினார். டிரைவர் கார்டைப் பார்த்து, அவரைப் பார்த்து, "இன்னும் அவ்வளவு மோசமாகவில்லை, மெசியூ" என்று பிரெஞ்சில் சொல்லி உள்ளே போகச் சொன்னார்.

வெட்கமாக இருந்ததா என்றால் இல்லை. கவலையா என்றால் அதுவும் இல்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது. அது தன்னுடையதுதான் என்று தெரிகிறது, தொட்டால் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே சோவே தெரு போய்க்கொண்டிருக்கும், உள்ளே எல்லோருடைய சப்பாத்திலிருந்தும் பனி கரைந்து தரையில் கறுப்புத் தண்ணியாக ஓடும். பிறேக் பிடித்தால் முன்னுக்கு ஓடும், எடுத்தால் பின்னுக்கு ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே பனிக்காலம் பாதி போய்விட்டது.

இன்று கால் கிளினிக். மேத்ரோவில் போகவேண்டும். மேத்ரோ நிலையக் கதவு அவருக்குப் பரம எதிரி. சுரங்கக் காற்று உள்ளிருந்து தள்ளும், இவர் வெளியிலிருந்து தள்ளுவார். வழக்கம்போல ஒரு பள்ளிக்கூடப் பெட்டை வந்து ஒரு தோளால் இடித்துத் திறந்துவிட்டாள். "மெர்சி" என்றார்.

கிளினிக்கில் செலீன் என்ற நேர்ஸ் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். கையில் மெல்லிய நைலோன் நூல். அது பாதத்தில் படும்போதெல்லாம் ஓம் என்பதற்கு "வுய்" என்று சொல்லவேண்டும். மகேந்திரராசா தாளக்கட்டாக விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். முடிந்ததும் செலீன் நூலைக் கீழே வைத்தார்.

"நான் பத்துத் தரம் தொட்டேன். நீங்கள் பதினொரு தரம் வுய் சொன்னீர்கள்."

"ஒண்டு கூடினால் நல்லதுதானே" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, பிரெஞ்சில் கேட்டார்: "நான் திரும்பக் கார் ஓடலாமா?"

"ஒன் வா வுவார், மெசியூ." பார்ப்போம் என்று அர்த்தம். ரதீசன் சொல்வதைத்தான் செலீன் மூக்கால் சொல்கிறார். லைசன்ஸ் கந்தோருக்குப் போன் எடுத்தால், கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு குரல் மூன்று மாதமாகச் சொல்கிறது. டொக்டரிடம் கேட்டால் செலீனைக் கேளுங்கள் என்கிறார். இனிக் கேட்க அந்தப் பஸ் மெசின்தான் மிச்சம், அதுவாவது சிவப்பு எண்டால் சிவப்பு எண்டு சொல்லும்.

கிளினிக்கிலிருந்து சோவே மேத்ரோவுக்கு வந்து, 121 தரிப்பில் நின்றார். முன்னால் மகிழன் நின்றான். சென்னையிலிருந்து வந்து ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பொடியன், பஸ் பழக்கம்.

"ஆப்ல மூணு நிமிஷம்னு காட்டுது, அங்கிள்."

பத்து நிமிடம் போனது. மூக்கு மயிர் உறைந்தது.

"இப்ப?"

"இப்பவும் மூணுதான், அங்கிள்."

"தம்பி, உம்மட போனும் எங்கட ஆக்கள் மாதிரித்தான். முகத்துக்கு நேர இல்லையெண்டு சொல்லாது."

மகிழன் சிரித்தான். பஸ் வந்தது.

கார்டெறி வாசலில் புஷ்பராணி தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு நின்றார். திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் டிரைவரிடம் "போன்ஜூர்" என்றார், டிரைவர் பெயர் சொல்லிப் பதில் சொன்னார். நடுவில் யோசெப்பின் என்கிற ஹெயிட்டிக்காரி தன் பையைத் தூக்கி மடியில் வைத்துப் பக்கத்து இருக்கையைக் காலியாக்கினாள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவள் இரண்டு தரிப்பு தள்ளி இறங்கிப் போக, அந்த இடத்தில் மகேந்திரராசா உட்கார்ந்தார்.

"உம்மை இங்கை எல்லாருக்கும் தெரியுது போல."

"ஓம். காருக்குள்ளை உங்களைத்தானே தெரியும்."

பஸ் ஒரு வளைவில் சரிந்தது. அவர் கால் எதையோ மிதித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். புஷ்பராணியின் சப்பாத்து. எவ்வளவு நேரமாக மிதிக்கிறார் என்று தெரியவில்லை.

"நொந்ததெண்டால் சொல்லக் கூடாதே?"

"நீங்கள் தெரிஞ்சே மிதிச்சனீங்கள்?"

காலை எடுத்தார். கையுறையைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"இஞ்சரும், ஒண்டு கேக்கிறன். பாப்பம் பேந்து எண்டு சொல்லாமல் நேர சொல்லும். டொக்டரும் அப்பிடித்தான், நேர்சும் அப்பிடித்தான், நீர் பெத்தவனும் அப்பிடித்தான். நான் திரும்பக் கார் ஓடுவனோ?"

புஷ்பராணி ஜன்னலில் படிந்த பனிமூட்டத்தைக் கையால் துடைத்து எந்த இடம் என்று பார்த்தார். பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

"இல்லையப்பா. ஓட மாட்டீங்கள். டொக்டர் விட்டாலும், கந்தோர்காரன் லைசன்ஸைத் தங்கத்திலை அடிச்சுத் தந்தாலும், நான் ஏற மாட்டன். ரண்டு வருசமா உங்களோடை கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தனான். சிவப்பு லைற்றிலை நீங்கள் பிந்திப் பிந்தி நிப்பாட்டேக்கை என்ரை காலும் பிறேக்கைத் தேடும். நான் கும்பிட்டுக்கொண்டு வாறன் எண்டு நினைச்சு ரேடியோவையும் குறைச்சு விடுவீங்கள். அப்பிடிப்பட்ட மனிசனுக்கு எப்பிடிச் சொல்லுறது? அதுதான் ரதீசனும் வாயைத் திறக்கேல்லை. இப்ப நீங்களாக் கேட்டீங்கள், சொல்லுறன். இல்லை."