நாலடி தூரம்

என் அக்கா சைகலின் விலா எலும்பில் விரிசல் விழுந்தது, குழந்தை பிறந்த இருபத்து மூன்றாம் நாள். உதைத்தவன் அவள் கணவன் எர்மெக். குழந்தை அழுதது, அவன் தூக்கம் கலைந்தது. காரணம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவளால் தொட்டில்மேல் குனிய முடியவில்லை. எங்கள் ஊரில் குழந்தையைக் கைகால் சேர்த்து மரத்தொட்டிலில் வரிந்து கட்டியிருப்பார்கள். பால் கொடுப்பதற்காக அதை யாரும் அவிழ்ப்பதில்லை. தாய்தான் மண்டியிட்டு, தொட்டிலின் மேல்கட்டையில் நெஞ்சைச் சாய்த்து, முலையைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். விரிசல் விட்ட விலா சரியாக அந்தக் கட்டையில் அழுந்தும்.

அவிழ்த்துத் தாருங்கள், படுத்துக்கொண்டு கொடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். நாற்பது நாள் ஆகாமல் அப்படி அவிழ்த்தால் கால் கோணிவிடும் என்றாள் மாமியார் ராப்யா. சைகல் தகரக் குவளையில் பீய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அழுதவள் பால் குழந்தைக்கு ஆகாது என்று ராப்யா அதை நாய்க்கு ஊற்றினாள். கடையில் பால்மாவும் புட்டியும் வாங்கினாள். தெருவில் மட்டும், மருமகளுக்குக் கண்பட்டுப் பால் வற்றிவிட்டது என்று சொல்லி வைத்தாள்.

சைகல் மாட்டுக்கொட்டகையிலிருந்து எனக்குப் போன் செய்வாள்.

"பாப்பா அந்தப் பக்கம் புட்டி ரப்பரை உறியுறா. இந்தப் பக்கம் என் சட்டை நனையுது. நடுவுல நாலடிதான்டி இருக்கு."

நான் செவிலியர் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவள். இப்போது ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. படித்ததில் உருப்படியாக நினைவிருந்தது ஒன்றுதான்: எடுக்க எடுக்கத்தான் ஊறும். நிறுத்தாதே, மூன்று மணிக்கொரு தரம் பீய்ச்சிக் கீழே கொட்டு என்றேன். கொட்டினாள். பதினேழு நாள், தன் மகளின் பாலைச் சாணத்தின்மேல் கொட்டினாள்.

நாற்பதுக்காகக் காத்திருந்தாள். நாற்பது முடிந்ததும் தாய் குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருப்பாள். பால் குடிக்கிற பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து நிறுத்த யாருக்கும் வாய் வராது. ஆனால் புட்டிப்பால் குடிக்கிற பிள்ளையை நிறுத்தலாம். அந்தக் கணக்கு ராப்யாவுக்குத் தெரியும்.

நாற்பதாம் நாள் காலை, வேலை முடிந்த கையோடு ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவுடன் போனேன். கூடத்தில் இருபது பெண்கள் இருந்தார்கள். நடுவே தாம்பாளத்தில் குழந்தை மீரிம். ஆளுக்கு இரண்டு கரண்டியாக நாற்பது கரண்டி வெந்நீர் ஊற்ற வேண்டும். ஏழு பெற்ற பக்கத்து வீட்டு உல்கான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொண்ணா, முப்பத்திரண்டா? அடியே, பேசிக்கிட்டே ஊத்தாதீங்க. பிள்ளை வெந்துடும்."

சிரிப்பு அடங்குவதற்குள் ராப்யா சொன்னாள்.

"மருமக போய் ஒரு மாசம் அம்மா வீட்டுல நல்லாத் தூங்கிட்டு வரட்டும். பிள்ளை எங்கிட்ட இருக்கும். பால் இல்லாதவகிட்ட பிள்ளை என்னத்துக்கு?"

அம்மா கம்பளத்தைப் பார்த்தாள். பொறுத்துக்கோ என்று போனில் சொல்லிச் சொல்லிப் பழகியவள் அவள். வழக்கப்படி ராப்யா சொன்னது சரிதான்.

கடைசிக் கரண்டி தாயுடையது. சைகல் ஊற்றினாள். கரண்டியைக் கீழே வைத்தாள். ராப்யா துண்டை விரிப்பதற்குள் ஈரத்தோடு பிள்ளையை எடுத்துக்கொண்டு, விரிப்பில் ஒருக்களித்துப் படுத்துவிட்டாள். பொத்தானைக் கழற்றினாள். விலாவில் ஒரு பூட்ஸ் நீளத்துக்கு மஞ்சளும் பச்சையுமாகக் கன்றியிருந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

மீரிம் வாய் வைக்கவில்லை. ரப்பருக்குப் பழகிய வாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள்.

"பாத்துக்கிட்டீங்களா?" என்றாள் ராப்யா.

சைகல் நிமிரவில்லை. விரல்களால் அழுத்தினாள். பால் பீறிட்டுக் குழந்தையின் கன்னத்தில் அடித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உல்கானின் சட்டைக் கையில் தெறித்தது. உல்கான் அதை முகர்ந்து பார்த்தாள்.

"வத்தின பால் என் கையை நனைச்சிருச்சு ராப்யா."

யாரும் சிரிக்கவில்லை. குழந்தை ஒரு முறை விக்கியது, உதட்டை நக்கியது, பிறகு கவ்விக்கொண்டது. விழுங்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. சைகல் கண்ணை மூடிக்கொண்டாள். மறு முலை கேட்பாரற்று விரிப்பில் வழிந்தது.

தொட்டில் எங்கள் வீட்டுச் சீதனம். வெறும் தொட்டிலைத் தூக்கக்கூடாது என்பதால் உல்கான் என் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து அதில் வைத்து, தூக்கு என்று எனக்குக் கண் காட்டினாள். முற்றத்தில் எர்மெக் காரில் சாய்ந்து நின்றான். தொட்டிலைப் பார்த்து, எங்கே என்று கேட்டான்.

"நாப்பது முடிஞ்சுது தம்பி. வழிய விடு," என்றாள் வாசலுக்கு வந்த உல்கான். அவளுக்குப் பின்னால் பெண்கள் எழுந்து வந்து நின்றார்கள். அவன் தள்ளி நின்றான்.

ஒரு மாதம். அதற்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தொட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்று கூப்பிட்டேன்.

சைகல் எழுந்திருக்கவில்லை.

"இருடி. இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு," என்றாள்.